சாமி ஃபோல்டர்

காலையில் கடையின் ஷட்டரைத் தூக்கியதும் அன்னத்தாய் முதலில் செய்வது கம்ப்யூட்டரைப் போடுவதுதான். வாசல் தெளிப்பது, நாற்காலி துடைப்பது, முருகன் படத்துக்குப் பூ வைப்பது எல்லாம் அதற்குப் பிறகு. பொத்தானை அழுத்திவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள். விண்டோஸ் விஸ்டா எழுந்து வர நேரமாகும். கறுப்புத் திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஓடி ஓடி மறையும். ஒரு சட்டிப் பால் காய்ந்து பொங்குகிற நேரம். பிறகு ஆழத்துத் தண்ணீர் மாதிரி நீலமும் பச்சையும் கலந்த ஒரு வெளிச்சம் திரை முழுக்கப் பரவும். அதன் நடுவில், சின்னச் சதுரத்துக்குள், பாண்டியராஜன் வருவான்.

கம்ப்யூட்டர் மேல் உட்கார்ந்திருக்கும் கேமராவில் அவனே எடுத்துக்கொண்ட படம் அது. கழுத்தில் ஹெட்போன். ஒரு கண் பாதி மூடியிருக்கும். அவன் கண்ணடிக்கிறானா, தூசி விழுந்துவிட்டதா என்று அவளால் இன்னும் முடிவுசெய்ய முடியவில்லை. படத்துக்குக் கீழே பாண்டி என்று பெயர். கடைக்கு முன்னால் கம்பம்மெட்டு ரோட்டில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக அவன் முகத்தின் மேல் அம்புக்குறியை வைத்து அழுத்துவாள். அவன் போய்விடுவான். அன்றைய வேலை தொடங்கும்.

ஆனி மாதக் கடைசியில் அவன்தான் பழைய எக்ஸ்பியை எடுத்துவிட்டு விஸ்டாவைப் போட்டான். ஜன்னல் ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி தெரியுது பாருப்பா, பின்னால இருக்கிறது மங்கலாத் தெரியுது பாரு என்று அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினான். "கண்ணாடி வழியாப் பாத்து என்னடா செய்யப் போற, வேலை ஓடணும்ல," என்றார் நாகராஜ். ஒன்பதாம் நாள் கூட்டாளிகளோடு லோயர் கேம்ப்புக்குக் குளிக்கப் போனவனை ஆறு எடுத்துக்கொண்டது. மறுநாள் கூடலூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு ஓரமாகக் கொண்டுவந்து விட்டது. வயது இருபது.

கம்பத்தில் யார் இறந்தாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கான படம் அவர்களுடைய ஜோதி ஸ்டூடியோவில்தான் தயாராகும். கல்யாணப் படத்திலிருந்தோ காதுகுத்துப் படத்திலிருந்தோ ஒரு முகத்தை மட்டும் பிரித்தெடுத்து, சட்டை மாற்றி, பின்னால் மேகம் வைத்துக் கொடுப்பதில் நாகராஜுக்குப் பெயர் உண்டு. அவர் மகனுக்கு மட்டும் போஸ்டர் ஒட்டவில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் தாங்களே அடிப்பதாகச் சொன்னபோது அன்னத்தாய் எழுந்து வந்து, "ஒட்டுனா நான் தெருத் தெருவாப் போயிக் கிழிப்பேன்," என்றாள். அதோடு விட்டுவிட்டார்கள்.

இறந்தவர்களின் படங்களுக்குக் கம்ப்யூட்டரில் தனி இடம் இருந்தது. அது அன்னத்தாய் வைத்த சட்டம். கல்யாணம், சடங்கு, பிறந்தநாள், பாஸ்போர்ட் எல்லாம் டி டிரைவில். இறந்தவர்கள் சி டிரைவில், சாமி என்று பெயர் வைத்த ஒரு ஃபோல்டரில். ரெண்டும் ஒரே பெட்டியில் கிடக்கக் கூடாது. புதுப்பெண்ணும் பச்சைப்பிள்ளையும் கிடக்கிற இடத்தில் செத்தவர்களைப் போட்டால் விளங்குமா என்பாள். "யம்மா, கம்ப்யூட்டருக்குள்ளயே சுடுகாடு கட்டிட்ட, இனி ஒரு வெட்டியானையும் சம்பளத்துக்குப் போடு," என்று பாண்டியராஜன் சிரிப்பான். சிரித்தாலும் அவளுக்காக அதை மீறமாட்டான்.

அவனுடைய படங்கள் டி டிரைவில் இருந்தன. பாண்டி என்ற ஃபோல்டரில், ஒரு வளைகாப்புக்கும் ஒரு பூப்புனித நீராட்டுக்கும் நடுவில். பதினாறாம் நாள் கழிந்தும் அன்னத்தாய் அவனை அங்கிருந்து நகர்த்தவிடவில்லை.

தொல்லை பிரிண்டரால் வந்தது. போட்டோ அடிக்கும் அந்தப் பெரிய பிரிண்டர் எக்ஸ்பியோடு மட்டுமே பேசும். விஸ்டாவில் அதை ஓட்டுவதற்கான டிரைவர் மென்பொருளை பிரிண்டரைச் செய்தவர்கள் வெளியிடவேயில்லை. இன்னொரு ஒன்பது நாள் கிடைத்திருந்தால் பாண்டியராஜன் எதையாவது செய்து ஓடவைத்திருப்பான். இப்போது பிரிண்டர் மேல் ஒரு பழைய சேலையைப் போர்த்தியிருந்தார்கள். அவசரத்துக்கு ஒரு பாஸ்போர்ட் படம் என்றாலும் நாகராஜ் அதை சிடியில் எழுதிக்கொண்டு தேனிக்கு பஸ் ஏறினார். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. சின்னமனூர் தாண்டுவதற்குள் சட்டை நனைந்துவிடும். கார்த்திகை முகூர்த்தத்துக்குப் பேசி வைத்திருந்த இரண்டு கல்யாணக்காரர்கள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேறு ஸ்டூடியோவுக்குப் போய்விட்டார்கள்.

"பழையபடி எக்ஸ்பியே போட்டுருவோமா?" என்று அவர் கேட்டார். இது நாலாவது தடவை. கேப்பைக்களியை உருட்டிக் கருவாட்டுக் குழம்பில் தோய்த்துக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"போட்டா அவன் போட்டது போயிரும்ல."

"போகும்."

"அப்ப பேசாம சாப்பிடுங்க."

"அன்னம், நான் என்ன ஆசைக்கா சொல்றேன்? அந்தப் படம் டி-யிலயும் இருக்கு. அது எங்கயும் போகாது."

"படம் இருக்கும். காலையில அவனா வர்றது இருக்குமா?"

அவர் கை கழுவ எழுந்துவிட்டார்.

அந்த வாரம்தான் ஒச்சாண்டி வந்தான். வருசநாட்டுக்காரன். கம்பம் புதுப்பட்டியில் குடியிருந்துகொண்டு ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவன். உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டு நனைந்துகொண்டு வந்து, உள்ளே வராமல் படியிலேயே நின்றான்.

"உள்ள வாய்யா. நனையிற," என்றார் நாகராஜ்.

"தண்ணி சொட்டும்ணே. இங்கனயே நிக்கிறேன். நம்ம சுருளியம்மாளுக்கு வருசம் திரும்புது. வர்ற வியாழக்கெழமைக்கு மறு வியாழன். பெருசா ஒரு படம் போட்டுக் குடுங்க, கண்ணாடி மாட்டிக்கிர்றேன்."

"அன்னைக்கே சொன்னேன்ல, ஒண்ணு போட்டு வச்சுக்கன்னு."

"அன்னைக்கு வீடு ஒழுகிட்டுக் கெடந்துச்சு. இப்பத்தான் தகரம் மாத்துனேன். ஒழுகுற வீட்டுல கொண்டாந்து மாட்டுனா அவ வைவாள்லண்ணே. இருக்கும்போதே அதுக்குத்தான் வஞ்சா."

நாகராஜ் சிரித்தார். உள்ளே டீ ஆற்றிக்கொண்டிருந்த அன்னத்தாய் சிரிக்கவில்லை. அவளுக்கு அந்தப் படம் நினைவிருந்தது. ஒச்சாண்டியின் பெண்டாட்டி சுருளியம்மாள் மஞ்சள்காமாலையில் இறந்தபோது வீட்டில் படம் என்று எதுவுமே இல்லை. வாக்காளர் அட்டை ஒழுகின கூரையில் நனைந்து கறுத்திருந்தது. தோட்டத்தில் நாற்பது பெண்களை நிறுத்தி எடுத்த ஒரு குரூப் போட்டோவைக் கணக்கப்பிள்ளையிடம் இரவல் வாங்கி வந்திருந்தான். மூன்றாவது வரிசை. முன்னால் நிற்பவளின் கொண்டை அவள் தோளை மறைத்திருந்தது. பாண்டியராஜன் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து அந்தக் கொண்டையை அழித்து, வேறொருத்தியின் சேலையிலிருந்து துணி எடுத்து, அவளுக்கு ஒரு தோள் செய்து கொடுத்தான். படத்தைப் பார்த்த ஒச்சாண்டி, இந்தச் சேலை அவகிட்ட இல்லையே என்றான். பிறகு, நல்லாத்தான் இருக்கு, கட்டிக்கிடட்டும் என்றான்.

"தம்பி செஞ்ச படம்ல அது," என்றான் ஒச்சாண்டி இப்போது. சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியதுபோல, சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"அந்தக் குரூப் போட்டோ இருக்காய்யா?"

"எங்கிட்டு? கணக்கப்பிள்ளை அன்னைக்கே திருப்பி வாங்கிட்டாரு. தோட்டம் கைமாறி அவரு கோட்டயத்துப் பக்கம் போயிட்டாருன்னாக. ஒட்டுன போஸ்டரெல்லாம் மழையோட போச்சு. உங்ககிட்ட இருக்கிறதுதான்."

"இருக்கு இருக்கு. மெஷின்தான் ஓடலை. தேனியில போட்டுத் தரவா?"

அன்னத்தாய் டீயைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். "இங்கனயே போட்டுத் தருவாக," என்றாள். "வியாழக்கெழமை வாங்கண்ணே."

அவன் போன பிறகு நாகராஜ் அவளைப் பார்த்தார். அவள் பிரிண்டர் மேல் கிடந்த சேலையை எடுத்து உதறிக்கொண்டிருந்தாள். "அவன் செஞ்ச படம் இங்கனதான் வரணும். சுந்தர்ராஜை வரச் சொல்லுங்க," என்றாள். "ஆனா எம்புள்ள மூஞ்சியக் கடைசியா ஒருதடவ நான் பாத்துக்கிர்றேன்."

சுந்தர்ராஜ் அல்லிநகரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன். பாண்டியராஜனுக்குத் தெரிந்தவன். அவனைவிட ஏழெட்டு வயது மூத்தவன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் முடிந்து, வெள்ளைச் சட்டையோடு பஸ் ஏறி வந்தான். பையில் எக்ஸ்பி சிடி, ஸ்க்ரூ டிரைவர், அம்மா கொடுத்துவிட்ட கேக் துண்டு. கேக்கை அன்னத்தாயிடம் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். சதுரத்துக்குள் இருந்த முகத்தைக் கண்டதும் கையை எடுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுத்தினான்.

"சி-யை முழுசாத் தொடைச்சுட்டுத்தான் எக்ஸ்பி ஏத்தணும்க்கா. டி-யில கை வைக்க மாட்டேன், அது அப்படியே இருக்கும். சி-யில என்ன இருக்கு?"

"சாமி படங்க இருக்கு," என்றாள்.

அவன் திறந்து பார்த்தான். வரிசை வரிசையாக முகங்கள். எல்லோருக்கும் பின்னால் ஒரே மேகம்.

"முந்நூறு பேருக்கு மேல இருக்காக. சரி, ஒண்ணுமில்ல. இந்த ஃபோல்டரைத் தூக்கி டி-யில போட்டுட்டு, எக்ஸ்பி ஏத்துனதும் திரும்ப எடுத்து சி-யில வச்சிருவேன். ஒரு மணி நேரம்."

"டி-யில போடக்கூடாது."

"ஏங்க்கா?"

"அங்கன எம்புள்ள இருக்கான்."

சுந்தர்ராஜ் நாகராஜைப் பார்த்தான். அவர் வாசலில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உள்ள இருக்கிறது ஆளா? வெறும் நம்பர்தானே. ஒண்ணும் சைபரும்."

"வெறும் நம்பரா இருந்தா எதுக்குப் பாத்து அழுகிறாக?"

"சரி, ஆளுன்னே வச்சுக்கிருவோம். எங்க கல்லறையில கோயில் உபதேசியாரும் சாராயம் காய்ச்சுனவரும் பக்கத்துல பக்கத்துலதான் படுத்திருக்காக. இதுவரைக்கும் ஒரு சண்டை இல்ல. ஒரு மணி நேரம்தான்க்கா."

"ஒரு மணி நேரத்துல என்னென்னமோ ஆயிரும் தம்பி. ஆத்துல போறதுக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி அவன் இந்த முக்காலியில உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்தான்."

சுந்தர்ராஜ் வாசல் பக்கம் திரும்பினான். "அண்ணே, என்ன செய்யட்டும்?"

"அக்கா சொல்றபடி செய்யி," என்றார் நாகராஜ், திரும்பாமலே. மகன் போன பிறகு அவர் அவளிடம் எதையும் மறுத்ததில்லை. அது அன்பா, களைப்பா என்று அவருக்கே தெரியாது.

சுந்தர்ராஜின் பென் டிரைவ் ஒரு ஜிபிதான். படங்கள் அதைப்போல மூன்று மடங்கு. மேசை இழுப்பறையில் எழுதாத டிவிடி ஒன்றே ஒன்று கிடந்தது. உறையில்லாமல், கத்தரிக்கோலுக்கும் ஸ்டேப்ளருக்கும் நடுவில். எடுத்து வெள்ளைச் சட்டையில் துடைத்தான். இன்னொண்ணு இருந்தா ரெண்டா எழுதிருவேன், கடை இருக்கா என்றான். ஞாயிற்றுக்கிழமை, அதுவும் இந்த மழையில் எந்தக் கடை. எழுதத் தொடங்கினான். இருபது நிமிஷம் அது உள்ளே சுற்றிக்கொண்டேயிருந்தது. நடுவில் கரண்ட் போகாமல் இருக்கவேண்டுமே என்று மூவரும் டியூப் லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போகவில்லை. தட்டு வெளியே வந்தது. திரும்ப உள்ளே தள்ளித் திறந்து பார்த்தான். பெயர்கள் வரிசையாக இருந்தன. மேலே இருந்த நாலைந்து படங்களைத் திறந்தான். அக்கம்மாள் சிரித்தாள், அய்யாத்துரை முறைத்தார். "வந்திருச்சு," என்றான்.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டான். பச்சைக் கோடு ஓடியது. நீலமும் பச்சையும் பரவியது. சதுரத்துக்குள் பாண்டியராஜன் ஒரு கண்ணைப் பாதி மூடியபடி வந்தான்.

"பாத்துக்கங்கக்கா."

அவள் சேலைத் தலைப்பால் திரையின் தூசியைத் துடைத்தாள். துடைத்த இடத்தைத் திரும்பவும் துடைத்தாள். "பாத்துட்டேன்," என்றாள்.

நீலத் திரையில் ஒரு மஞ்சள் பட்டை மெல்ல நீண்டுகொண்டே போனது. இடுப்பளவு நெல் வயலில் தண்ணீர் ஏறுவது மாதிரி, சத்தமில்லாமல். சாயங்காலம் எக்ஸ்பி வந்தது. பச்சை மேடும் நீல வானமும் வெள்ளை மேகமுமாக, யாரும் வசிக்காத ஏதோ தேசம். அதற்கு முன்னால் உள்ளே நுழையும் திரையில், பாண்டியராஜன் இருந்த மாதிரியே ஒரு சின்னச் சதுரத்தில், ஒரு மஞ்சள் வாத்து உட்கார்ந்திருந்தது.

"என்ன தம்பி, வாத்து?"

"அதுவா ஒண்ணை வச்சுக்கிரும்ணே. மாத்திரலாம். பாண்டி படத்தையே வைக்கவா?"

நாகராஜ் மகன் போன பிறகு முதல்முறையாகச் சத்தமாகச் சிரித்துவிட்டார். சிரித்தபிறகு வாயைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"வேணாம்," என்றாள் அன்னத்தாய். "அது பாட்டுக்கு இருக்கட்டும்."

பிரிண்டர் ஓடியது. உள்ளே உருளைகள் புரண்டு, தொண்டையைச் செருமி, ஒரு பாஸ்போர்ட் படத்தைத் துப்பியது. டி டிரைவில் பாண்டி ஃபோல்டர் வளைகாப்புக்கும் நீராட்டுக்கும் நடுவில் அப்படியே இருந்தது. சி-யில் சாமி என்று புதிதாக ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, டிவிடியைப் போட்டு, சுந்தர்ராஜ் படங்களை இழுத்துவிட்டான். கேக்கைச் சாப்பிட்டார்கள்.

சாப்பிட்டு முடிப்பதற்குள் டிவிடி உள்ளே கரகரவென்று அரைக்கத் தொடங்கியது. சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. படிக்க முடியவில்லை என்று திரையில் எழுத்து வந்தது. அவன் எடுத்துத் துடைத்தான். தண்ணீரில் கழுவித் துடைத்தான். வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் முழுக்க ஈரம். "பெயரெல்லாம் காட்டுதேக்கா," என்று அவளிடம் முறையிடுவதுபோலச் சொன்னான். பெயர்கள் இருந்தன. முதல் நாற்பது பேர் வந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

"பழசு உள்ளதான இருக்கும், அதைத் தோண்டி எடுக்க முடியாதா?" என்றார் நாகராஜ்.

"அது மேல எக்ஸ்பி ஏறி உக்காந்துருச்சுண்ணே."

சுந்தர்ராஜ் டிவிடியை அல்லிநகரத்துக்குக் கொண்டுபோய் சுருளியம்மாள் படத்துக்காக இரண்டு நாள் வேறு வேறு டிரைவில் போட்டுப் பார்த்தான். புதன்கிழமை ஒரு சிடியோடு திரும்பி வந்தான். அதில் ஒரே ஒரு படம்தான் கூடுதலாக இருந்தது. அதுவும் முழுசாக இல்லை. சிடியை மேசையில் வைத்துவிட்டு, கொடுத்த டீயைக் குடிக்காமலேயே போய்விட்டான்.

வியாழக்கிழமை மழை விட்டிருந்தது. மலையில் மேகம் மட்டும் இறங்கி நின்றது. ஒச்சாண்டி சலவைச் சட்டை போட்டிருந்தான். கையில் ஒரு பை நிறைய மொச்சைக்காய்.

"நம்ம ஊர்ல இருந்து வந்துச்சு ஆத்தா. வேகவச்சு உப்புப் போட்டுத் தின்னுங்க."

அன்னத்தாய் பையை வாங்கவில்லை. "உள்ள வாங்கண்ணே. உக்காருங்க."

"படம்?"

நாகராஜ் வாயைத் திறந்தார். அவள் கையால் தடுத்தாள். திரையில் படத்தைக் காட்டினாள். கோணல் வகிடு, வகிட்டில் குங்குமம், நெற்றி, இரண்டு புருவம், கண்களின் மேல் இமை. அதற்குக் கீழே கோடு போட்டு வெட்டினதுபோல எல்லாம் சாம்பல் நிறம். சிமெண்டு பூசின சுவர் மாதிரி.

அவன் குனிந்து பார்த்தான். "இன்னும் வரலையோ? வந்துக்கிட்டு இருக்கா?"

"வராதுண்ணே. இவ்வளவுதான் மிஞ்சுச்சு."

சொன்னாள். எதையும் குறைக்காமல் சொன்னாள். சிடி, டிவிடி, எக்ஸ்பி என்பதெல்லாம் அவனுக்கு விளங்கியதா என்று தெரியவில்லை. அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கம்ப்யூட்டர் பாக்க வந்த தம்பி, பக்கத்துப் பெட்டியில ஒரு மணி நேரம் வைக்கிறேன்னுச்சு. நாந்தேன் வேணாம்னேன். எம்புள்ள இருக்கிற எடத்துல செத்தவுக வரக்கூடாதுன்னு நாந்தேன் சொன்னேன். இவுக மேல தப்பில்ல."

வெளியே ஒரு ஜீப் போனது. அது மேட்டில் திரும்பிச் சத்தம் தேய்ந்தது.

"அவ யாரையும் ஒண்ணும் செய்ய மாட்டாளே ஆத்தா," என்றான்.

அன்னத்தாய் முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் விரலை வேட்டியில் துடைத்துவிட்டு, திரையில் அந்த வகிட்டின் மேல் வைத்தான். "இப்பிடித்தான் கோணலா எடுப்பா. சொன்னாலும் கேக்க மாட்டா." பிறகு நாகராஜைப் பார்த்து, "இதையே போட்டுக் குடுங்கண்ணே," என்றான்.

"பாதிதான்யா இருக்கு. எப்பிடிய்யா?"

"மாலை போட்டா கீழ மறைஞ்சுரும்ல."

நாகராஜ் பிரிண்டருக்குத் தாள் கொடுத்தார். உருளைகள் புரண்டன. வகிடு வந்தது, நெற்றி வந்தது, புருவம் வந்தது. அதற்குப் பிறகு அந்தச் சாம்பல் நிறம் வரத் தொடங்கியது. ஒரு முகத்துக்கு ஆகிற அதே நேரத்தை எடுத்துக்கொண்டு, அதே கவனத்தோடு, வரி வரியாக வந்தது. மூன்று பேரும் அது முடியும்வரை நின்றார்கள்.

ஒச்சாண்டி படத்தைச் சுருட்டாமல், இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து வாங்கிக்கொண்டான். மொச்சைக்காய்ப் பையை மேசையில் வைத்தான். படியிறங்கியவன் நின்று, "தம்பி படம் இருக்குல்ல?" என்று கேட்டான்.

"இருக்கு."

"அது போதும்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் தெரு முனை தாண்டுவதை அன்னத்தாய் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். சாமி ஃபோல்டரில் நாற்பது முகங்களும் ஒரு நெற்றியும் இருந்தன. டி-யைத் திறந்தாள். பாண்டி ஃபோல்டரின் மேல் அம்புக்குறியை வைத்தாள்.

"இதை அங்கன எப்பிடித் தூக்குறது?"

நாகராஜ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அமுக்கிப் பிடி. விட்டுறாம இழு. அங்கன கொண்டு போயி விடு."

அவள் இழுத்தாள். வழியில் ஒருமுறை நழுவியது. மறுபடி பிடித்து இழுத்து, சுருளியம்மாளின் நெற்றிக்குப் பக்கத்தில் விட்டாள். ஒரு சின்னப் பெட்டி திறந்து, அதில் காகிதங்கள் ஒவ்வொன்றாக இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பறந்தன. வெகுநேரம் பறந்தன. முடிந்ததும் டி-யைத் திரும்பப் பார்த்தாள்.

"இங்கனயும் இருக்கானே?"

"ஒரு டிரைவுல இருந்து இன்னொண்ணுக்கு இழுத்தா அப்பிடித்தான். நகல்தான் போகும். இங்கன இருக்கிறதை நாமளாத்தான் அழிக்கணும்."

அவள் அழிக்காமல் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாகராஜ் காத்திருந்தார். அவள் எழுந்து, ஒச்சாண்டி வைத்துவிட்டுப் போன பையைப் பிரித்து, தரையில் உட்கார்ந்து மொச்சையை உரிக்கத் தொடங்கினாள். அவரும் எதிரில் உட்கார்ந்து ஒரு கை அள்ளிக்கொண்டார்.

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கியதும் அன்னத்தாய் வாசல் தெளித்தாள். நாற்காலி துடைத்தாள். முருகன் படத்துக்குப் பூ வைத்தாள். எல்லாம் முடித்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டாள். எக்ஸ்பி சீக்கிரம் வந்துவிட்டது. சதுரத்துக்குள் வாத்து உட்கார்ந்திருந்தது. அவள் உட்காரவில்லை. நின்றபடியே அதை அழுத்திவிட்டு, யார் முதலில் என்று வாசலில் படத்துக்காக நின்றவர்களைப் பார்த்துக் கேட்டாள்.